வீட்டிலேயே செய்யும் உளவுக் கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறைந்திருந்து பார்ப்பது, மறைத்து எழுதுவது, யாராவது உள்ளே நுழைந்தால் நமக்குச் சேதி வருவது. உளவுக் கருவிகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்கின்றன. மூன்றையுமே அட்டை, பேட்டரி, சில சில்லறைப் பாகங்களை வைத்து வீட்டிலேயே செய்து பார்க்கலாம். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

பெரிஸ்கோப்பிலிருந்து தொடங்குங்கள். நீளமான அட்டைக் குழாய் ஒன்றும், முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி இரண்டும் போதும். மேல்முனையில் ஒன்று, கீழ்முனையில் ஒன்று. இரண்டும் 45 பாகைச் சாய்வில், ஒன்றையொன்று பார்த்தபடி, இணையாக இருக்க வேண்டும். கோணமானி இல்லையா? சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்தால் அந்த மடிப்புதான் 45 பாகை.

காட்சி தலைகீழாகத் தெரிந்தால் ஒரு கண்ணாடியைத் திருப்பி ஒட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். குழாய் நீள நீளத் தெரியும் பரப்பு சுருங்கும், அதனால் முதல் முயற்சியில் 40 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குள் நின்றபடி தலையைத் தூக்காமல் எதிரியைப் பார்க்க வீரர்கள் வைத்திருந்ததும் இதே ஏற்பாடுதான்.

புரோகிராமிங் தெரிந்தே ஆக வேண்டுமா?

பாதி வேலைகளுக்குத் தேவையே இல்லை. துணி உலர்த்தும் கிளிப் ஒன்றை எடுத்து, அதன் இரண்டு வாயிலும் அலுமினியத் தாளைச் சுற்றி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயரை இழுங்கள். பேட்டரி, பஸ்ஸர், கிளிப் மூன்றையும் ஒரே வட்டமாக இணையுங்கள். கிளிப்பின் வாயில் ஒரு துண்டு அட்டையைக் கடிக்க வைத்து, அட்டையில் நூல் கட்டிக் கதவில் மாட்டிவிடுங்கள். கதவு திறந்தால் அட்டை உருவிக்கொண்டு வரும், அலுமினியம் ஒட்டும், பஸ்ஸர் கத்தும். ஒரு வரி கூட எழுதாமல் காவல் தயார்.

காந்தத்தால் இயங்கும் ரீட் சுவிட்ச் வாங்கி இதையே செய்கிறவர்கள் ஒரு இடத்தில் தவறுவார்கள். கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை காந்தம் அருகில் வந்தால் இணையும் வகை. அதை அப்படியே மாட்டினால் கதவு மூடியிருக்கும்போது கத்தும், திறந்தால் அடங்கிவிடும். வாங்கும்போதே எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறைமை எழுத்து எலுமிச்சைச் சாறில் நிஜமாகவே வேலை செய்கிறதா?

செய்கிறது. 1915-இல் பிரிட்டனில் பிடிபட்ட ஜெர்மன் உளவாளி கார்ல் முல்லர் எழுதியதும் எலுமிச்சைச் சாற்றில்தான். அதில்தான் மாட்டிக்கொண்டார், அந்த ஆண்டே லண்டன் கோபுரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சாற்றில் இருக்கும் சர்க்கரையும் அமிலமும் காகிதத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே கருக ஆரம்பிக்கும். அதனால் காகிதம் வெள்ளையாக இருக்கும்போதே எழுத்து பழுப்பாக எழுந்து வரும். இப்போது பலருக்கும் இது வேலை செய்யாமல் போவதற்குக் காரணம், விளக்கின் முன் காட்டச் சொல்லும் பழைய குறிப்புகள். அவை எழுதப்பட்டது குண்டு பல்பு காலத்தில். எல்.இ.டி. விளக்கில் அந்தச் சூடு கிடையாது, மணிக்கணக்கில் பிடித்தாலும் எழுத்து வராது. நீராவி இல்லாத இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு மெதுவாகத் தேயுங்கள். மெழுகுவத்தி வேண்டாம்.

பேனா நிப்பால் எழுதாதீர்கள். நிப் காகிதத்தைக் கீறிவிடும், சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் கீறலே எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சி நல்லது. சாறு ஈரமாக இருக்கும்போது காகிதம் அலை அலையாகச் சுருங்கும். காய்ந்ததும் ஒரு கனமான புத்தகத்துக்கடியில் ஒரு இரவு வைத்துவிட்டு, அதன் மேலேயே சாதாரணப் பேனாவில் ஏதாவது கடிதம் எழுதுங்கள். வெற்றுக் காகிதத்தைப் போலச் சந்தேகத்தைக் கிளப்புவது வேறொன்றும் இல்லை.

சூடே வேண்டாம் என்றால் மஞ்சள் இருக்கிறது. சோடாவைத் தண்ணீரில் கரைத்து எழுதிக் காய வைத்து, மருந்துக்கடை ஸ்பிரிட்டில் கலந்த மஞ்சள் தூளை மேலே பூசினால் எழுத்து மட்டும் சிவக்கும், சுற்றியிருக்கும் இடம் மஞ்சளாகவே நிற்கும். காரத்தைத் தொட்டால் சிவப்பது மஞ்சளின் குணம். சமையல் சோடாவில் நிறம் மங்கலாக வரும், சலவைச் சோடாவில் பளிச்சென்று வரும். சலவைச் சோடா தோலை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிட் இருக்கும் இடத்தில் அடுப்பு எரியக் கூடாது.

இந்தச் சமாச்சாரத்தைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். மறைமை மை பற்றிய 1917, 1918-ஆம் ஆண்டு ஆவணங்கள் சிலவற்றை அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. 2011-இல்தான் வெளியே விட்டது.

தமிழில் ரகசியக் குறியீடு அமைக்க முடியுமா?

தாராளமாக. ஜூலியஸ் சீசர் செய்ததுபோல எழுத்துகளை 3 இடம் தள்ளலாம். மெய்யெழுத்து வரிசையை க, ங, ச, ஞ என்று 18-ஐயும் ஒரு வட்டத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு மெய்யையும் 3 இடம் நகர்த்தி, உயிர்க்குறியையும் புள்ளியையும் அப்படியே விட்டுவிடுங்கள். ‘மரம்’ என்பது ‘லழல்’ ஆகும். ‘கடல்’ என்பது ‘ஞநள்’ ஆகும். வாய்விட்டுப் படிக்கவே வேடிக்கையாக இருக்கும். இரண்டு வட்ட அட்டைகளை நடுவில் ஒரு ஊசியால் குத்தி, ஒன்றை மற்றொன்றின் மேல் சுழலவிட்டால் குறியீட்டுச் சக்கரமும் ஆயிற்று.

ஆனால் இதை உடைப்பது எளிது, எப்படி உடைப்பது என்று தெரிந்துகொள்வதில்தான் சுவையே இருக்கிறது. உயிர்க்குறிகளைத் தொடாமல் விட்டதால் சொல்லின் உருவம் அப்படியே இருக்கிறது. தமிழ்ச் சொல் எதில் முடியும், எதில் முடியாது என்று நமக்குத் தெரியும். க், ச், த், ப் போன்ற வல்லின மெய்யில் ஒரு சொல் முடிந்தால், அடுத்த சொல் பெரும்பாலும் அதே எழுத்தில் தொடங்கும். குறியீட்டிலும் அந்த இரண்டும் ஒன்றாகவே நகர்ந்திருக்கும், அந்த ஜோடியைப் பிடித்தால் நூல் நுனி கிடைத்துவிடும். எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்த்துக் குறியீட்டை உடைக்கும் முறையை அரபு அறிஞர் அல்-கிந்தி 9-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். ஒரு பக்கம் தமிழை எடுத்து எழுத்துகளை எண்ணிப் பாருங்கள், ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஐந்தைந்து எழுத்தாகப் பிரித்து எழுதுவது முதல் பாதுகாப்பு. உயிர்க்குறிகளையும் வேறொரு எண்ணிக்கையில் நகர்த்துவது அடுத்தது.

லேசர் வேலி வைத்தேன். இரவில் சரியாக இருக்கிறது, பகலில் கோளாறு செய்கிறது. ஏன்?

எனக்கும் இதே நடந்தது. அறையின் ஒரு பக்கம் லேசர், எதிர்ப்பக்கம் வெளிச்சத்தை உணரும் எல்.டி.ஆர்., அதோடு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் சின்ன போர்டான ஆர்டுயினோ ஒன்று. இரவில் ஒருவர் குறுக்கே போனால் உடனே மணி அடித்தது. மறுநாள் மத்தியானம் நானே நாலு தடவை குறுக்கே நடந்தேன், சத்தமே இல்லை.

எல்.டி.ஆரும் ரெசிஸ்டரும் சேரும் இடத்தின் வோல்டேஜை ஆர்டுயினோ ஊனோ 0 முதல் 1023 வரை ஒரு எண்ணாகத் தரும். எல்.டி.ஆரை 5 வோல்ட் பக்கமும் ரெசிஸ்டரைக் கிரவுண்டு பக்கமும் வைத்திருந்தால் வெளிச்சம் கூடக் கூட எண் ஏறும். என் கணக்கில் இரவில் லேசர் பட்டால் 900-க்கு மேல், மறைத்தால் 100-க்குள். அதனால் 500-ஐ எல்லையாக வைத்திருந்தேன். மத்தியானம் ஜன்னல் வெயிலுக்கு, லேசரை மறைத்த பிறகும் எண் 700-க்குக் கீழே இறங்கவில்லை. சென்சார் ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறது, நான்தான் எல்லையைத் தப்பாக வைத்துவிட்டேன்.

தீர்வு ஒரு துண்டுக் குழாய். தீர்ந்துபோன பேனாவின் கறுப்பு உறையை 5 சென்டிமீட்டருக்கு வெட்டி, அதன் அடியில் எல்.டி.ஆரை நுழைத்துவிடுங்கள். நேராக வரும் லேசர் உள்ளே போகும், பக்கவாட்டு வெளிச்சம் போகாது. அதோடு, கருவியை இயக்கும்போது லேசர் பட்ட எண்ணையும் படாத எண்ணையும் அதுவே அளந்து, நடு எண்ணை எல்லையாக எடுத்துக்கொள்ளும்படி எழுதுங்கள்.

லேசர் 1 மில்லிவாட்டுக்குள் இருக்கும் வகுப்பு 2 ஆக இருக்கட்டும். முழங்கால் உயரத்துக்குக் கீழே வையுங்கள். தவழும் குழந்தையோ செல்லப் பிராணியோ இருக்கும் வீட்டில் அந்த உயரத்தில்தான் அவர்கள் கண்ணும் இருக்கும், அங்கே லேசரே வேண்டாம். டி.வி. ரிமோட்டில் இருக்கும் அகச்சிவப்பு எல்.இ.டி.யையும் அதற்கான ரிசீவரையும் பயன்படுத்துங்கள். அந்த ரிசீவர்களில் பல, ஓயாமல் வரும் சிக்னலை இரைச்சல் என்று நினைத்து ஒதுக்கிவிடும். விட்டு விட்டு அனுப்ப வேண்டும்.

ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் பி.ஐ.ஆர். சென்சார் சும்மா சும்மா அலறுகிறதே?

இயக்கியதும் ஒரு நிமிடம் விட்டுவிடுங்கள், அது சூழலுக்குப் பழகிக்கொள்ள வேண்டும். உள்ளே இரண்டு கண் இருக்கிறது. உடம்புச் சூடு ஒரு கண்ணிலிருந்து அடுத்த கண்ணுக்கு நகரும்போதுதான் அது ‘ஆள்’ என்று சொல்லும். மேலே இருக்கும் வெள்ளைக் குமிழ் லென்ஸ் அந்தச் சூட்டைக் குவித்துத் தருகிறது. வெந்நீர்ப் பாத்திரம், ஹீட்டர் காற்று, நகரும் வெயில் எல்லாமே அதை ஏமாற்றும். வைஃபை போர்டை ஒட்டி வைத்தாலும் குழம்பும், ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

ஜன்னலுக்கு உள்ளே வைத்து வெளியே பார்க்க முடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியாது. நம் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் கண்ணாடி, உடம்புச் சூட்டின் கதிருக்குச் சுவர் மாதிரி.

எளிதாகவும் இருக்க வேண்டும், அசர வைக்கவும் வேண்டும். ஒன்றே ஒன்று சொல்லுங்களேன்?

வெளிச்சத்தைக் காதால் கேளுங்கள்.

உடைந்த தோட்ட விளக்கிலிருந்து சோலார் தகட்டைக் கழற்றுங்கள். அதன் இரண்டு வயர்களையும் ஒரு ஆக்ஸ் கேபிளின் இரண்டு இழைகளோடு சேர்த்து, ஆம்ப்ளிஃபயர் உள்ள ஸ்பீக்கரில் செருகுங்கள். அவ்வளவுதான் கருவி. சத்தத்தைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள்.

இப்போது தகட்டை அறை விளக்கின் பக்கம் திருப்பினால், பல விளக்குகளில் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் கேட்கும். மின்சாரம் நொடிக்கு 50 அல்லது 60 தடவை முன்னும் பின்னும் போவதால் விளக்கு அதைப்போல இரண்டு மடங்கு தடவை மினுக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல்தான் காதுக்கு வருகிறது. டி.வி. ரிமோட்டைக் காட்டி ஒரு பொத்தானை அழுத்துங்கள், ‘டர்ர், டர்ர்’ என்று கேட்கும். ஓடும் மின்விசிறி வழியாக வரும் வெயிலைப் பிடியுங்கள், இறக்கைகள் படபடப்பது கேட்கும். முதல் தடவை இதைச் செய்துவிட்டு வீட்டில் இருந்த ஒவ்வொரு விளக்கின் முன்னும் போய் நின்றேன். ஒன்று கரகரத்தது, ஒன்று மெல்ல முனகியது, ஒன்று வாயே திறக்கவில்லை.

அடுத்து, வெளிச்சத்தில் குரலை ஏற்றுங்கள். மூன்று ஏ.ஏ. பேட்டரி, ஒரு வெள்ளை எல்.இ.டி., 100 ஓம் ரெசிஸ்டர், சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று (ஒரு பக்கம் 8 ஓம், மறுபக்கம் 1 கிலோ ஓம்). 1 கிலோ ஓம் பக்கத்தை எல்.இ.டி.யோடும் ரெசிஸ்டரோடும் பேட்டரியோடும் ஒரே வரிசையில் இணையுங்கள். 8 ஓம் பக்கத்தை மொபைலின் ஹெட்போன் துளையில் கொடுத்துப் பாட்டைப் போடுங்கள். எல்.இ.டி. சும்மா எரிவது போலத்தான் இருக்கும். தகட்டுக்கு நேரே பிடித்தால் ஸ்பீக்கரில் பாட்டு வரும். நடுவில் கையை நீட்டினால் பாட்டு நிற்கும், எடுத்தால் தொடரும். தூரம் வேண்டுமென்றால் எல்.இ.டி. முன் ஒரு பூதக்கண்ணாடியை வையுங்கள்.

அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் சார்ல்ஸ் டெயின்டரும் 1880-இல் இதைச் செய்துவிட்டார்கள். வாஷிங்டனில் ஒரு பள்ளிக் கூரையிலிருந்து 213 மீட்டர் தொலைவுக்கு வெயிலில் குரலை அனுப்பினார்கள், மறுமுனையில் வெளிச்சத்தை உணரும் செலினியம் அதை வாங்கியது. தொலைபேசியைவிட இதுவே தன் பெரிய கண்டுபிடிப்பு என்று பெல் நினைத்தார். இன்று கண்ணாடி இழைக்குள் ஓடும் இணையமும் ஒளியில் ஏற்றிய சேதிதான்.

ஒட்டுக்கேட்கும் மைக் செய்வது எப்படி?

மற்றவர் பேச்சை அவருக்குத் தெரியாமல் கேட்கும் கருவிக்கு நான் வழி சொல்ல மாட்டேன். பல நாடுகளில் அது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை நம்பி வாய் திறந்தவருக்குச் செய்யும் துரோகம் அது. பேச்சை ரேடியோவுக்கு அனுப்பும் ஒற்றை டிரான்சிஸ்டர் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டருக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதன் அலைவரிசை ஒரு இடத்தில் நிற்காது, சூட்டுக்கும் கை அருகில் வந்ததற்கும் நகரும். எஃப்.எம். முடியும் 108 மெகாஹெர்ட்சுக்கு அடுத்ததே விமானங்களுக்கான அலைவரிசை. மொபைல் ஜாமரும் வேண்டாம், அவசர அழைப்பையும் சேர்த்து அது முடக்கிவிடும்.

வேறெதையாவது கேளுங்கள். பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்குள் இருக்கும் வட்டமான பியசோ தகட்டை ஆம்ப்ளிஃபயரில் இணைத்து மேசையில் ஒட்டினால், அதன் மேல் எறும்பு அளவு மணல் விழுவதுகூடக் கேட்கும். மரத்திலோ தண்ணீர்க் குழாயிலோ ஒட்டிப் பாருங்கள். பறவைக் குரலுக்குக் குழிந்த தட்டு நல்லது. மைக்கைத் தட்டின் குவியத்தில், தட்டைப் பார்த்தபடி வைக்க வேண்டும். 50 சென்டிமீட்டர் தட்டு சுமார் 700 ஹெர்ட்சுக்கு மேலேதான் உதவும், அதற்குக் கீழே ஒலியின் அலைநீளம் தட்டைவிடப் பெரிதாகிவிடும். கீச்சுக் குரல் துல்லியமாக விழும், ஆந்தையின் அடிக்குரல் விழாது.

பேட்டரியே இல்லாத ஒட்டுக்கேட்கும் கருவி இருந்ததாமே?

இருந்தது. 1945 ஆகஸ்டில் சோவியத் சிறுவர்கள் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதர் அவெரெல் ஹாரிமனுக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க முத்திரை ஒன்றைப் பரிசளித்தார்கள். அது தூதரின் இல்லச் சுவரில் 1952 வரை தொங்கியது. உள்ளே வயர் இல்லை, பேட்டரி இல்லை. ஒரு உலோகக் குழியும், மெல்லிய சவ்வும், ஒரு ஆண்டெனாவும் மட்டும். வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால் அது விழிக்கும், பேச்சுக்குச் சவ்வு அதிர அதிரத் திரும்பிப் போகும் அலையும் மாறும். தானாக எதையும் அனுப்பாததால் சோதனைகளில் தப்பியது. செய்தவர் லெவ் தெரமின். கை படாமல் வாசிக்கும் தெரமின் இசைக்கருவியும் அவருடையதுதான். ஸ்வைப் செய்யாமல் காட்டினாலே கதவைத் திறக்கும் அட்டைக்குள்ளும் பேட்டரி இல்லை, அதையும் வெளியிலிருந்து வரும் அலைதான் எழுப்புகிறது.

ஈ.எஸ்.பி.32 கேமரா போர்டு அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது. போர்டு கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை, சாப்பாடு போதவில்லை. வைஃபையும் கேமராவும் ஒன்றாக எழும்போது மின்னோட்டம் சட்டென்று ஏறும். மெல்லிய நீள வயர் வழியாக வந்தால் வோல்டேஜ் தொய்ந்து போர்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 2 ஆம்பியர் தரும் 5 வோல்ட் சார்ஜரும் குட்டையான வயரும் கொடுங்கள். படம் மங்கலாக இருந்தால் லென்ஸைக் கூர்ந்து பாருங்கள், விளிம்பில் ஒரு சொட்டுப் பசை இருக்கும். அதை ஊசி முனையால் மெல்லச் சுரண்டிவிட்டு லென்ஸைச் சற்றே திருகினால் ஃபோகஸ் மாறும்.

பறவைக்கூட்டுக்கு, செடி வளர்வதற்கு, உங்கள் வாசலுக்கு வையுங்கள். அறையில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் வைக்காதீர்கள்.

தங்கும் அறையில் யாராவது கேமரா ஒளித்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அறையை மெல்லத் துழாவுங்கள். லென்ஸ் எவ்வளவு சின்னதானாலும் ஒரு புள்ளியாக மின்னும். கட்டிலுக்கும் குளியலறைக்கும் நேரே இருக்கும் கடிகாரம், சார்ஜர், புகை உணரி ஆகியவற்றை முதலில் பாருங்கள். பிறகு இருட்டிலேயே மொபைலின் செல்ஃபி கேமராவில் பாருங்கள். இரவுக் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு வெண் ஊதாவாகத் தெரியக்கூடும். உங்கள் மொபைலுக்கு அது தெரிகிறதா என்று டி.வி. ரிமோட்டில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாகத்தான் இணைத்தேன், ஆனால் எதுவும் வேலை செய்யவில்லை!

முதலில் யு.எஸ்.பி. கேபிளை மாற்றுங்கள். சில கேபிள்களில் சார்ஜுக்கான இழை மட்டும்தான் இருக்கும், போர்டில் விளக்கு எரியும், கணினிக்கு மட்டும் அது கண்ணில் படாது. ஒரு முழு நாளை நான் இதில் தொலைத்திருக்கிறேன். அப்புறம் பிரெட்போர்டை, அதாவது பாகங்களைச் சால்டர் செய்யாமல் செருகி இணைக்கும் பலகையைப் பாருங்கள். நீளமான போர்டுகள் சிலவற்றில் ஓரத்துச் சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் அறுந்திருக்கும், அந்த இடத்தில் மின்சாரமும் அறுந்துவிடும். இரண்டு போர்டுகள் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் இரண்டின் கிரவுண்டும் இணைந்திருக்க வேண்டும். எல்.இ.டி.யின் நீளக் கால் பாசிட்டிவ். இதையெல்லாம் கண்ணால் நம்பாதீர்கள், மல்டிமீட்டரை வைத்து அளங்கள், அதுவும் வோல்டேஜைக் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே அளங்கள். முதலில் வாங்க வேண்டியது அதைத்தான், சால்டரிங் அயர்ன் இரண்டாவது.

பழைய சாதனங்களைப் பிரித்துப் பாகம் எடுக்கலாமா?

பொம்மை, ரிமோட், தோட்ட விளக்கு, கணினி ஸ்பீக்கர் இவற்றைத் தாராளமாகப் பிரியுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு, பழைய குழாய் டி.வி., ஃபிளாஷ் உள்ள ஃபிலிம் கேமரா மூன்றையும் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், பேட்டரியை எடுத்த பிறகும் அவற்றின் உள்ளே ஆபத்தான வோல்டேஜ் தங்கியிருக்கும். உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. வட்டமான பட்டன் பேட்டரிகளை எண்ணி வையுங்கள். குழந்தை ஒன்றை விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். பேட்டரி மூடியைத் திருகாணியால் பூட்டும் பெட்டிகளையே நான் எல்லாக் கருவிக்கும் போடுகிறேன்.